மரச்சட்டப் புறாக்கள்

எங்கள் ஊரில் தேர்தல் தட்டிக்குப் புறா என்று பெயர்.
ஏனென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.
இரண்டு பக்கமும் முகம், நடுவில் காற்று,
தெருவோரம் குந்தியிருக்கும், மழை வந்தால் சாயும்.
எர்மிண்டா ஒயார்சேவுக்கு நாற்பது புறா அடித்துக் கொடுத்தேன்.
மரம் என்னுடையது. ஆணி கடன்.
கூலி இன்னும் வரவில்லை, இங்கே சொல்லிவைக்கிறேன்.

வால்பரைசோவுக்குத் துறைமுகம் பார்க்க வருகிறவர்கள்
எங்கள் ஆந்தைக் குன்றுவரை ஏறுவதில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு படி.
தீப்பிடித்த அந்த இரவு
வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.
ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பையன்கள் ஏறினார்கள்,
திருகினார்கள்.
குழாய் இருமியது. அவ்வளவுதான்.
பதினேழு வீடு.
என் பட்டறை பதினெட்டாவது,
அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மீன் சந்தையில் செதில் உரித்துக்கொண்டிருந்தவள்
மறுநாள் ஒரு படுக்கை விரிப்பில்
சிவப்புச் சாயத்தால் எழுதினாள்:
தண்ணீர் ஏறாத குன்றில் தீ மட்டும் ஏறுகிறது.
கடைசிச் சொல்லுக்கு இடம் போதவில்லை,
எழுத்து சிறுத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.
நான்கு வருடம் அந்த விரிப்போடு இறங்கினோம்,
சட்டி தட்டினோம், ஏறினோம்.
நகரசபைக் காவலாளிக்கு
எங்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் அத்துப்படி.
பொறியாளர்தான் எப்போதும் விடுமுறையில்.

"நீயே நில்" என்று முதலில் சொன்னது யார்
என்பதில் இன்றுவரை சண்டை.
தான்தான் என்கிறான் ரொட்டிக்கடை விலாடிமிர்.
அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.
பிறகு பட்டறை வாசலில் நின்றாள், கையில் மீன் வாடை,
"புறா அடிக்க எத்தனை நாளாகும்?"

படம் எடுக்க வந்தவன் சிரிக்கச் சொன்னான்.
முன்பல் ஒன்று கிடையாது, உதட்டை மூடிச் சிரித்தாள்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி இருந்தது.
சில வீட்டில் கதவு திறந்தது,
சில வீட்டில் திரைச்சீலை மட்டும்.
"நீயும் அவர்களில் ஒருத்தி ஆகப்போகிறாயா?"
என்று கேட்டாள் இலுமினாதா.
எர்மிண்டா வாயே திறக்கவில்லை.
வாசலில் கிடந்த காஸ் சிலிண்டரைத் தூக்கிப்போய்
அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.
பதிலா அது, பிரச்சாரமா?
எனக்குத் தெரிந்து, பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தார்கள்.
ஒயார்சே. வெற்று. ஒயார்சே.
ஒரு சீட்டில் அவள் பெயருக்கு நேரே கோடு,
பக்கத்தில் பென்சிலால் "தண்ணீர்".
செல்லுமா செல்லாதா, கால்மணி நேரம் வாதம்.
செல்லும் என்றார்கள்.

டிசம்பரில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
பிப்ரவரியில் குன்றுக்குப் பின்னால் மறுபடி புகை.
பத்துக் கைகளில் அவள் கை ஒன்று.
எத்தனை தரம் தூக்கினாலும் ஒன்று.

மார்ச்சில் நாங்கள் இறங்கினோம்.
சட்டி, கரண்டி, விரிப்பு.
அதே விரிப்புதான்.
புதிது வாங்கக் காசில்லை என்று
பிறகு எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.
காவலாளி எங்களைப் பார்த்தான்,
மாடிச் சன்னலைப் பார்த்தான்.
அங்கே அவள். கழுத்தில் அடையாள அட்டை,
கையில் மூடிபோட்ட தம்ளரில் தண்ணீர்.
தன் கையெழுத்தைத் தானே படித்தாள்,
ஓரத்தில் ஒண்டிய சொல் வந்ததும்
கண்ணைச் சுருக்கினாள்.

விலாடிமிரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.
நிறுத்தினால் அவளுக்கு அவமானம்.
நிறுத்தாவிட்டாலும்.

சன்னல் திறந்தது.
"இவ்வளவுதானா? உள்ளே கேட்கவே இல்லை!" என்று கத்தினாள்,
பல் இல்லாத இடம் தெரிய.

என் கரண்டி அன்றைக்கு வளைந்ததுதான்.

குழாய் வந்ததா என்கிறீர்கள்.
அளவெடுக்க ஒருவன் வந்து போனான்.
இருநூற்றுப் பத்தாம் படியில்
சுண்ணாம்பால் ஒரு குறி.
மழை அழித்துவிடக் கூடாதென்று
அதன்மேல் ஒரு புறாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
அவள் முகம் கீழே பார்க்க.
கூலி இன்னும் வரவில்லை.